வங்காலையும் இலக்கிய வரைபடமும்

இலக்கியத் தொடர்புள்ள ஊர் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது ஒரு வீடு. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, உத்தமதானபுரத்தில் உ. வே. சாமிநாதையரின் நினைவில்லம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவோம். இடைசெவலுக்குப் போகிறவர்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே சிற்றூரில் பிறந்து இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றதைச் சொல்லிச் சொல்லி அதன் தெருக்களைப் பார்க்கிறார்கள். இந்தப் பயணங்கள் நல்லவை. இன்னும் பலர் போக வேண்டும். ஆனால் இவற்றுக்குப் பின்னால் எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது: பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் பிறந்தால்தான் ஊருக்கு இலக்கியத் தகுதி உண்டு. அந்த விதியைக் கொண்டு மன்னார்க் கரையிலுள்ள வங்காலையை அளந்தால், காட்டுவதற்கு அங்கே ஒரு வீடும் இல்லை. அதனால் ஈழத்து இலக்கிய இடங்களைப் பட்டியலிடுகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தவறு ஊரில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஊருக்கும் பனுவலுக்கும் உள்ள உறவை, யார் எழுதினார் என்ற ஒரே கேள்வியால் அளக்க முடியாது. யார் பாடினார்கள், யாருக்காகப் பாடினார்கள், யார் காப்பாற்றினார்கள் என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வங்காலையும் அதைச் சூழ்ந்த மாதோட்டத்துக் கத்தோலிக்க ஊர்களும் தமிழின் மிக உறுதியான இலக்கிய ஊர்களுள் அடங்கும்.

வங்காலை மன்னார்த் தீவுக்குள் இல்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினால், நானாட்டான் பிரதேச செயலர் பிரிவின் கரையில் அது இருக்கிறது. வடக்கே, மிக அண்மையில், திருக்கேதீச்சரமும், மாதோட்டம் என்றும் பெயர்பெற்ற பழைய மாந்தைத் துறைமுகத்தின் மேடும். தெற்கே அருவி ஆறு கடலில் சேரும் அரிப்பு. கடலோடு வாழும் கத்தோலிக்கக் கிராமம். புனித ஆனாள் ஆலயம் அதன் நடுவில். வெளியுலகம் இந்தப் பெயரை இன்று இரண்டு வழியாகவே அறிகிறது. ஒன்று பறவைகள்: 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த 4,839 ஹெக்டேயர் பரப்புக்கு வங்காலை என்றே பெயர். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். மற்றொன்று கொலைகள், அவற்றைப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதுதான் இலக்கியம். இந்தக் கரையின் சில மணிநேரத் தூரத்துக்குள் மூன்று வகை இலக்கியம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வங்காலையின் உரிமை எவ்வளவு வலுவானது என்று தெரியும்.

முதலாவது தேவாரம். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும், அடுத்த நூற்றாண்டில் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தின்மேல் ஒவ்வொரு பதிகம் பாடினார்கள். பாலாவிக் கரையும் மாதோட்ட நகரும் கப்பல் மிகுந்த கடலும் அப்பதிகங்களில் வருகின்றன. 1980க்கும் 1984க்கும் இடையில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடந்த அகழாய்வில் சீன மட்கலமும் இஸ்லாமிய உலகத்து மட்கலமும் கிடைத்தபோது, பதிகம் சொன்ன துறைமுகம் கற்பனையன்று என்பது மண்ணிலிருந்தே தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியபுராணம் சொல்கிறபடி இருவரும் கடல் கடந்து வரவில்லை. இராமேசுவரத்தில் நின்று இக்கரையை நோக்கிப் பாடினார்கள். தமிழ் இலக்கியத்தில் மாதோட்டத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய இடம், அக்கரையில் நின்றவர்களின் பார்வையிலிருந்து பிறந்தது.

இரண்டாவது ஆங்கிலம். கண்டி அரசனின் ஆட்சிப் பரப்பில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ், காட்டு வழியே ஆற்றைப் பின்தொடர்ந்து தப்பி 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம், அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டை. 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய இலங்கை வரலாற்று நூல், டானியல் டீஃபோவின் ரொபின்சன் குரூசோவுக்குத் துணைநின்ற நூல்களுள் ஒன்றாக ஆய்வாளர்களால் கருதப்படுகிறது. அதே கரையில் இன்னும் தெற்கே, மரிச்சுக்கட்டியில், 1906இன் முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்தவர்களுள் இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப் ஒருவர். அந்த அனுபவம் 1921இல் வெளியான ஒரு சிறுகதையாகவும், 1961இல் வந்த தன்வரலாற்று நூலில் சில பக்கங்களாகவும் ஆயிற்று. இவை மதிக்கத்தக்க எழுத்துகள். வுல்ஃப், தாம் பணிசெய்த பேரரசையே அந்தக் கதையில் கூண்டில் நிறுத்துகிறார். ஆயினும் நொக்ஸ் தப்பிப் போகிற வழியில் இக்கரையைத் தொட்டவர். வுல்ஃப் கடமைக்கு வந்து திரும்பியவர். இந்தக் கரையின் மக்கள் அவர்கள் எழுத்தில் பேசப்படுகிறார்கள், பேசுவதில்லை.

மூன்றாவதுதான் கூத்து. மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் நாடகம் என்றும் வாசாப்பு அல்லது வாசகப்பா என்றும் இரண்டு பெயரில் வழங்கும் பாட்டு நாடகங்கள் உண்டு. நாடகம் நீளமானது, இரவுகளைக் கேட்பது. வாசாப்பு அதைச் சுருக்கி ஒரே இரவுக்குள் முடிப்பது. பாடும் முறையிலும் இரண்டு பாங்கு: யாழ்ப்பாணப் பாங்கு எனப்படும் வடபாங்கு, மாதோட்டப் பாங்கு எனப்படும் தென்பாங்கு. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக இருந்த காலத்தில் இந்தப் பிரதிகளை அச்சுக்குக் கொண்டுவந்தார். ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இலும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும், ‘ஞானசௌந்தரி நாடகம்’ 1967இலும் பதிப்பாயின. ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’ தொகுதியும் 1964இல் வந்தது. இந்த நாடகங்கள் இக்கரையை வெளியே நின்று பார்ப்பவை அல்ல. கடலுக்குப் போகிறவரும் வயல் செய்கிறவரும் மாதக்கணக்கில் இரவில் கூடிப் பழகி, தம் ஊராருக்கு முன்னால், தம் ஆலயத்து முற்றத்தில் ஆடியவை. வறட்சி, கொள்ளைநோய் போன்றவற்றிலிருந்து காக்கும்படி நேர்ந்துகொண்டு ஆடப்பட்டவையும் உண்டு. எழுதியவர், பழக்கியவர், ஆடியவர், பார்த்தவர் எல்லாரும் ஒரே சமூகத்தவர். ஊருக்கும் பனுவலுக்கும் இதைவிட நெருங்கிய உறவு இருக்க முடியுமா?

ஒரு கூத்துக் கொப்பியைத் திறந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கதை பைபிளிலிருந்து வரலாம்: குழந்தை இயேசுவைத் தேடி வரும் மூன்று அரசர்கள், அவர்களை மடக்கப் பார்க்கும் ஏரோது. ஆனால் அரங்கில் முதலில் வருபவன் கட்டியகாரன். காப்பு விருத்தம் முடிந்ததும் அவன் தன் வரவைப் பாடி, அரசன் வரப்போவதைச் சபைக்கு அறிவிக்கிறான். பிறகு அரசன் கொலுவுக்கு வருகிறான். வரவு விருத்தம், அதையடுத்துத் தரு என்னும் பாட்டு, தருவுக்கு ஆட்டம். தமிழ்க் கூத்தின் எந்த அரசனையும் போலவே அவனும் மந்திரியை அழைத்து நாட்டு வளம் கேட்கிறான். விருத்தமும் கொச்சகமும் கலித்துறையும் சிந்தும் மாறிமாறி வருகின்றன. எந்தப் பாத்திரம் எந்த மனநிலையில் இருக்கிறது என்பதைப் பா வடிவமே சொல்லிவிடுகிறது. சினந்தவன் பாட்டின் நடை வேறு, புலம்புகிறவள் பாட்டின் நடை வேறு. எழுதப்படிக்கத் தெரியாத நடிகரும் இந்த வேறுபாட்டை நாவாலும் காலாலும் அறிந்திருந்தார். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியைப் பிடித்தபடி அடியெடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, மத்தளமும் தாளமும் சேர, நூற்றுக்கணக்கான விருத்தங்கள் ஊரின் நினைவில் ஏறின. தமிழ் யாப்பு பள்ளிக்கூடத்துக்கு வெளியே, உடல் வருத்தி, இவ்வளவு பெருந்தொகையான மக்களால் கற்கப்பட்ட இடங்கள் அதிகமில்லை.

கூத்தோடு உரைநடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்கு வந்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் இல்லாத நீண்ட ஆண்டுகளுக்குப் பிறகு, 1687இல் யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவில் பிறந்தவர்; தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டு மொழியிலும் நூல்கள் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில், குறிப்பாகப் பெரிய கிழமையில், ஈழத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் இன்றும் இராகமிட்டு வாசிக்கப்படுகிறது. ஆசிரியர் 1742இல் மறைந்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள தமிழ் உரைநடை, அதன் பழைய சொல்லமைப்புச் சிதையாமல், மீனவர் வாயில் உரத்து ஒலிக்கிறது. நம் காலத்தில் எந்தப் பதிப்பாளருக்கும் இப்படி ஒரு வாசகர் கூட்டம் வாய்த்ததில்லை. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை எழுதும் நூல்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டுக்கு வீரமாமுனிவரையும் ஆனந்தரங்கப்பிள்ளையையும் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. கொன்சால்வெசுக்குச் சில வரி கிடைத்தால் அதிகம். இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இனி, மறுப்புகள். முதல் மறுப்பு: இந்த நாடகங்கள் வங்காலைக்கு மட்டும் உரியவை அல்லவே, பேசாலை, அரிப்பு, நானாட்டான், முருங்கன் என்று மாதோட்டமும் தீவும் முழுவதும் பரந்தவை, ஒரே கதை பல ஊர்க் கொப்பிகளில் பல வடிவில் உண்டு, அப்படியிருக்க ஓர் ஊரை இலக்கிய ஊர் என்பது எப்படி? உண்மைதான், தனியுரிமை கோர முடியாது. ஆனால் தனியுரிமை என்பதே அச்சுக் கால ஆசிரியரைச் சுற்றிப் பிறந்த எண்ணம். ஒரு புலவர் கட்டிய நாடகத்தை இன்னோர் ஊர் அண்ணாவியார் வாங்கிப் படியெடுத்து, தம் ஊர்க் குரல்களுக்கேற்பச் சில தருக்களை மாற்றி, தம் புனிதரின் காப்பை முன்னே சேர்த்து மேடையேற்றும்போது, அந்தப் படி அவ்வூரின் படைப்பாகிவிடுகிறது. ஒவ்வோர் ஊர்க் கொப்பியும் ஒரு பாடபேதம். சங்க நூல்களுக்கு ஏட்டுப் பிரதிகளின் பாடபேதம் எவ்வளவு மதிப்புடையதோ அவ்வளவு மதிப்பு இதற்கும் உண்டு. ஆதலால் வங்காலையைச் சொல்வது மற்ற ஊர்களை விலக்குவதாகாது. அந்தக் கரையில் எந்த ஊரிலிருந்து தொடங்கினாலும் மற்றவற்றுக்குப் போயே ஆகவேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: கதைகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, நோக்கம் மதம் பரப்புதல், கவித்துவம் இரண்டாந்தரம். கதை வெளியிலிருந்து வந்தது குறையென்றால் கம்பனுக்கும் அந்தக் குறை உண்டு. மாற்றாந்தாயின் கொடுமையால் கைகள் வெட்டப்பட்டு, பின் மரியன்னையின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் ஞானசௌந்தரியின் கதை ஐரோப்பிய நாட்டுக் கதைகளோடு உறவுடையது. அதே கதையை நவாப் ராஜமாணிக்கத்தின் குழு தமிழ்நாட்டு மேடைகளில் நடித்தது. 1948 ஒரே ஆண்டில் அது இரண்டு திரைப்படங்களாகவும் வந்தது. தமிழ் மக்கள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டு நெடுங்காலமாயிற்று. மதநோக்கத்தைக் குறையாகச் சொல்வதும் பொருந்தாது. அந்த வாதத்தால் திருக்கேதீச்சரப் பதிகங்களையும் விலக்க நேரும். கவித்துவம் பற்றிய குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கூத்துப் பாடல்கள் பலவற்றை அச்சில் தனியே படித்தால் மோனைக்காக இழுத்த சொற்களும் சொன்னதையே சொல்லும் அடிகளும் தென்படும். அவை கண்ணுக்கென்று எழுதப்படவில்லை என்று சொல்லி முழுவதையும் நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. சில தருக்கள் பாடும்போதும் மெலிந்தவையே. ஆயினும் ஒரு மரபை அதன் சராசரியால் தள்ளிவிடுவது சரியன்று. அச்சேறிய பதிப்புகளில் ஏரோதின் கொலுவையும் குழந்தைகளை இழந்த தாய்மாரின் புலம்பலையும் பொறுமையாகப் படிப்பவர், ஒப்பாரியின் நடை செம்மையான யாப்புக்குள் எப்படி ஏறி அமர்கிறது என்பதைக் காண்பார். அந்தக் கைத்திறன் பயின்று வந்ததே, தற்செயலாக வராது.

மூன்றாவது மறுப்பு வாதத்தைவிட மனச்சான்றைத் தொடுவது. 1985 சனவரியில், இராணுவச் சுற்றிவளைப்பின்போது, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 யூன் மாதத்தில் தாய், தந்தை, இரண்டு சிறு பிள்ளைகள் என ஒரு குடும்பம் முழுவதும் தம் வீட்டிலேயே படுகொலை செய்யப்பட்டது. ஊரார் இரவுகளில் ஆலயத்தில் தஞ்சமடைந்தார்கள். பலர் படகேறி இராமேசுவரத்துக்குப் போனார்கள். இப்படி ஓர் ஊரைப் பற்றி இலக்கியப் பயணம் என்று பேசுவது, துயரத்தின்மேல் அலங்காரத் துணி விரிப்பது ஆகாதா? இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோகக் கூடாது. என் பதில் இது: ஊரைக் கொலைகளால் மட்டும் அறிவது, கொன்றவர்கள் விட்டுப்போன வரையறைக்குள்ளேயே அதை வைத்திருப்பதாகும். அங்கே கொல்லப்பட்டவர்கள் பாடவும் ஆடவும் வாசிக்கவும் தெரிந்த ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இழப்பின் அளவு புரியும். அத்துடன் போர் கூத்தையும் அடித்தது. இரவில் கூடிப் பழகும் கலைக்கு ஊரடங்குச் சட்டத்தைவிடப் பெரிய எதிரி இல்லை. ஓடுகிறவர் கைக்குழந்தையைத் தூக்குவாரா, தாத்தாவின் கொப்பியைத் தேடுவாரா? மாந்தை அகழாய்வும் 1984இல் போரால் நின்றது. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணுக்குள் இருந்ததாவது காத்திருந்தது. ஈரத்திலும் தீயிலும் அழியும் கொப்பிக்கு அந்த வசதி இல்லை.

பனுவல் இருந்தால் ஊரை மீட்கலாம் என்பதற்கு வங்காலையின் அயலிலேயே சான்று இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட திருக்கேதீச்சரம் நெடுங்காலம் காடாகக் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்கும்படி சைவர்களுக்கு விண்ணப்பம் விடுத்தபோது, அவர் கையில் இருந்த வலுவான ஆவணம் தேவாரம்தான். பதிகம் ஓதப்பட்டு வந்ததால் கோயில் நினைக்கப்பட்டது, நினைக்கப்பட்டதால் தேடப்பட்டது. பின்னர் திருப்பணிகள் தொடர்ந்தன. கருங்கல்லில் மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலுக்கு 2022இல் குடமுழுக்கு நடந்தது. ஓதுவார் மரபும் ஏடும் செய்த அந்த வேலையைக் கூத்துக் கொப்பிகளும் செய்யக்கூடியவை. அவை தொலைந்தால், இந்தக் கரையின் மக்கள் நாலு நூற்றாண்டாகத் தம்மைத் தாமே எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு அதிகாரிகளின் குறிப்புகளும் பயணிகளின் நூல்களும் மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் வங்காலைக்குப் போகிறவர் எதைப் பார்ப்பது? பார்ப்பதைவிடக் கேட்பதற்குப் போக வேண்டும். தவக்காலத்தில் போனால் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து வியாகுல பிரசங்கத்தை முழுவதும் கேட்கலாம். யூலை 26 புனித ஆனாளின் திருநாள், அதையொட்டி ஊர் கூடியிருக்கும். கூத்து என்றால், விருந்தினருக்காக அரை மணி நேரம் ஆடிக்காட்டச் சொல்லக் கூடாது. இரவு முழுவதும் ஓடும் கலையைத் துண்டு போட்டால் எஞ்சுவது உடுப்பும் முடியும்தான். அண்ணாவியார் குடும்பங்களிடம் உட்கார்ந்து, ஒரு விருத்தத்தைப் பாடச் சொல்லி, அச்சான பதிப்போடு ஒப்பிட்டுக் கேட்பது பயனுள்ள வருகை. போவதற்கு முன் வித்தியானந்தன் பதிப்புகளில் ஒன்றையாவது படித்திருந்தால் நல்லது. மன்னாரைச் சேர்ந்த எஸ். ஏ. உதயன் தம் நாவல் ஒன்றுக்கு ‘வாசாப்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்; இன்றைய எழுத்தும் இந்த மரபை மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. மட்டக்களப்புக் கூத்துக்குப் பல்கலைக்கழகமும் நகர மேடையும் கிடைத்த அளவு மன்னார்க் கூத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். வித்தியானந்தன் தொடங்கி அச்சோடு நின்றுவிட்ட வேலையை இனித் தொடர வேண்டியது நம் தலைமுறை.

வங்காலையிலும் அயலூர்களிலும், அங்கிருந்து போய்த் தமிழ்நாட்டிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்கிறவர்களின் வீடுகளிலும், பெட்டியின் அடியில் பழைய நாடகக் கொப்பி ஒன்று கிடக்கலாம். முன்பக்கம் கிழிந்திருந்தாலும் எழுத்து மங்கியிருந்தாலும் அதை வீசிவிடாதீர்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கோ, பங்கு அலுவலகத்துக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ காட்டிப் படியெடுக்கக் கொடுங்கள். பாடத் தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால், கொப்பியைக் கையில் கொடுத்து அவர் குரலையும் கைப்பேசியில் பதிந்து, எந்த ஊர், எந்தப் பாங்கு, எந்த ஆண்டு ஆடிய நாடகம் என்று அவரிடமே கேட்டு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.